வினிகர் ஒரு பாட்டிலில், சோடா வேறு டப்பாவில்

சிங்க்கில் சமையல் சோடாவைத் தூவி, மேலே வினிகரை ஊற்றி, புஸ்ஸென்று நுரை பொங்குவதைப் பார்ப்பதில் எனக்கு அப்படி ஒரு திருப்தி. கிட்டத்தட்ட ஒரு வருஷம் வீட்டில் எல்லாவற்றுக்கும் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். பள்ளியில் அமிலமும் காரமும் படித்துக்கொண்டிருந்த என் மகள் ஒருநாள் பக்கத்தில் வந்து நின்று பார்த்தாள். "அம்மா, ரெண்டையும் கலந்தா கடைசியில மிஞ்சறது உப்புத் தண்ணிதானே? அதை வெச்சு என்ன தேய்க்கறே?" என்றாள்.

அவள் சொன்னது சரி. வினிகரில் உள்ள அசிட்டிக் அமிலமும் சோடாவில் உள்ள சோடியம் பைகார்பனேட்டும் சேர்ந்ததும் கரியமில வாயு பறந்துவிடும். தங்குவது சோடியம் அசிட்டேட் கரைந்த தண்ணீர். வினிகரின் புளிப்பும் போச்சு, சோடாவின் காரமும் போச்சு. சிங்க் சுத்தமானது என் கை தேய்த்த தேய்ப்பில்தான். அன்றைக்கே இரண்டையும் வேறு வேறு அலமாரித் தட்டில் வைத்தேன். வீட்டில் தயாரிக்கும் சுத்தப் பொருட்களைப் பற்றி எனக்குத் தெரிந்த எல்லாமே அந்த நாளுக்குப் பிறகு கற்றதுதான்.

இதில் நான் இறங்கியதே என் அம்மாவுக்காக. அவருக்கு இளைப்பு உண்டு. வாசனைத் திரவம் போட்டுத் தரை துடைத்தால் பக்கத்து அறையில் இருந்தாலும் இருமத் தொடங்கிவிடுவார். ஆகவே எனக்கு வேண்டியது மூன்றே மூன்று: வாசனை சேர்க்கக் கூடாது, காற்றில் அதிகம் தெளிக்கக் கூடாது, எதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். 'இயற்கை' என்று பெயர் வாங்க வேண்டும் என்பது என் நோக்கமாக இருந்ததில்லை. போராக்ஸ் மண்ணிலிருந்து தோண்டியெடுக்கிற கனிமம்தான், அதைவிட இயற்கையாக என்ன இருக்க முடியும்? ஆனால் போராக்ஸ் போன்ற போரேட்டுகள் இனப்பெருக்கத்துக்குக் கேடு செய்யக்கூடியவை என்று 2010இல் ஐரோப்பிய ஒன்றியம் மிகுந்த கவலைக்குரிய பொருட்களின் பட்டியலில் சேர்த்தது. எத்தனையோ குறிப்புகளில் போராக்ஸ் வரும். நான் அதை வீட்டுக்குள் விடுவதில்லை. அதேபோல, கடையில் தூளாக விற்கும் சிட்ரிக் அமிலம் எலுமிச்சையிலிருந்து வருவதில்லை, சர்க்கரைக் கரைசலில் ஒருவகைக் கரும்பூஞ்சையை வளர்த்து எடுப்பது. அதற்காக அதை நான் ஒதுக்கவும் இல்லை. என் அலமாரியில் அதிகம் செலவாகிற பொருளே அதுதான்.

முதலில் அழுக்கைப் பாருங்கள், பிறகு டப்பாவைத் திறங்கள். குழாயிலும் கெட்டிலிலும் படிகிற வெள்ளைப் படிவு பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். அது அமிலத்துக்கு மட்டுமே கரையும். அதன்மேல் சோடாவைப் போட்டு எவ்வளவு நேரம் தேய்த்தாலும் கைவலிதான். அடுப்பைச் சுற்றிப் பிடிக்கிற எண்ணெய்ப் பிசுக்கு நேர்மாறு. அதற்குக் காரமும் சோப்பும் வெந்நீரும் வேண்டும். வினிகரைத் தெளித்தால் பிசுக்கு அப்படியே வழுக்கிக்கொண்டு நிற்கும். மூன்றாவது வகை நிறக்கறையும் பூஞ்சையும். அவற்றுக்கு ஆக்சிஜனை வெளிவிடும் பொருள் வேண்டும். தூசி, மண், சிந்திய பால் போன்றவற்றுக்குத் தண்ணீரும் ஈரத்துணியும் போதும். வீட்டு அழுக்கில் பாதிக்குமேல் இந்தக் கடைசி வகை என்பதுதான் என் அனுபவம்.

இன்னொன்றும் ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறேன். ஹெர்பர்ட் ஸின்னர் என்ற ஜெர்மன் வேதிப் பொறியாளர் 1959இல் ஒரு வட்டம் வரைந்து காட்டினார். சுத்தம் செய்வதில் நான்கு பங்கு உண்டு: வேதிப்பொருள், வெப்பம், தேய்ப்பு, நேரம். ஒன்றைக் குறைத்தால் மற்றதைக் கூட்டியாக வேண்டும். வீட்டில் கலக்கிற எதுவும் கடைச்சரக்கு அளவுக்கு வீரியம் உள்ளதாக இருக்காது. அந்தக் குறையை நான் நேரத்தால் ஈடுகட்டுகிறேன். "வினிகர் போட்டுப் பார்த்தேன், ஒண்ணும் ஆகலை" என்று யார் சொன்னாலும் நான் கேட்கும் முதல் கேள்வி, போட்டு எத்தனை நிமிஷம் விட்டீர்கள் என்பதே.

நான் வைத்திருப்பவை: சிட்ரிக் அமிலத் தூள், 5 சதவீத வெள்ளை வினிகர், சமையல் சோடா, சலவை சோடா, சோடியம் பெர்கார்பனேட் தூள் (தண்ணீரில் கரைந்ததும் ஆக்சிஜனை வெளிவிடுவது), 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு, வாசனையில்லாத திரவ சோப்பு. இவற்றோடு ரப்பர் கையுறை, பழைய பல்துலக்கி பிரஷ் இரண்டு, மைக்ரோஃபைபர் துணிகள். வினிகர் வாங்கும்போது சதவீதத்தைப் படித்துவிடுங்கள். 20 சதவீதத்துக்கு மேல் உள்ள அடர் வினிகரும் விற்கிறார்கள். அது தோலையும் கண்ணையும் புண்ணாக்கும்.

சலவை சோடா கிடைக்கவில்லை என்றால் சமையல் சோடாவிலிருந்து நாமே செய்துகொள்ளலாம். ஓவன் தட்டில் மெல்லிய அடுக்காகப் பரப்பி, 200 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் வையுங்கள், நடுவில் ஒருமுறை கிளறிவிடுங்கள். தண்ணீரும் கரியமில வாயுவும் வெளியேறி சோடியம் கார்பனேட் தங்கும். 100 கிராம் போட்டால் ஏறக்குறைய 63 கிராம் வரும். எடை போட்டுப் பார்த்தால் முழுவதும் மாறிவிட்டதா என்று தெரிந்துவிடும், நான் அப்படித்தான் சரிபார்ப்பேன். பார்வைக்கும் வித்தியாசம் உண்டு: சமையல் சோடா பட்டுப்போல் மினுக்கும், சலவை சோடா மங்கலாக, பொரபொரவென்று இருக்கும். காரத்தில் இரண்டும் ஒன்றல்ல. சமையல் சோடாக் கரைசலின் பி.ஹெச். (அமில, கார அளவைக் காட்டும் எண்) சுமார் 8, சலவை சோடாவுக்கு 11. ஒவ்வொரு எண்ணுக்கும் பத்து மடங்கு என்பதால் இது பெரிய தூரம். சலவை சோடாவை வெறும் கையால் தொடாதீர்கள்.

உப்புப் படிவிலிருந்து தொடங்குகிறேன். பலன் கண்ணெதிரே தெரிவதால் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் முதலில் சொல்லித் தருவதும் இதுதான். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி சிட்ரிக் அமிலத்தைக் கரையுங்கள். கெட்டிலில் ஊற்றி அரைமணி நேரம் விடுங்கள். கொதிக்க வைக்காதீர்கள். கால்சியம் சிட்ரேட் சூடு ஏற ஏறக் குறைவாகக் கரைகிற பொருள், கொதித்தால் அதுவே வெள்ளையாகப் படிந்துவிடக்கூடும். பிறகு கொட்டிவிட்டு இரண்டுமுறை அலசினால் போதும். குழாயின் மேல் திரவம் நிற்காதே என்பீர்கள். டிஷ்யூ காகிதத்தை இந்தக் கரைசலில் நனைத்துக் குழாயைச் சுற்றி ஒட்டிவிடுங்கள். இருபது நிமிஷம் கழித்துக் காகிதத்தை உரித்து, அதையே சுருட்டித் தேய்த்தால் படிவு மாவுபோல் வந்துவிடும். ஷவரின் தலைப்பகுதியைக் கழற்ற முடிந்தால் ஒரு கிண்ணத்தில் ஊறப்போடுங்கள். முடியாவிட்டால் ஒரு பிளாஸ்டிக் பையில் கரைசலை ஊற்றி, தலைப்பகுதி அதற்குள் முங்கும்படி ரப்பர் பேண்டால் கட்டுங்கள். ஒரு மணி நேரம் போதும். இரவு முழுக்க விட்டால் பளபளக்கும் குரோம் பூச்சு மங்கக்கூடும்.

கழிப்பறைக் கோப்பைக்கும் இதே அமிலம்தான். பிரஷ்ஷால் தண்ணீரைக் கொஞ்சம் உள்ளே தள்ளிவிட்டு, நான்கு மேசைக்கரண்டித் தூளை ஓரங்களில் தூவி இரவு விட்டுவிடுங்கள். காலையில் பிரஷ் போட்டால் போதும். ஒரு நிபந்தனை உண்டு. அந்தக் கோப்பையில் பிளீச்சோ, தொட்டியில் போடும் குளோரின் வில்லையோ துளிகூட இருக்கக் கூடாது.

அது ஏன் என்று என் உடம்பு அறியும். ஒரு காலை குளியலறைத் தரையில் பிளீச் ஊற்றியிருந்தேன். அதற்குள் தொலைபேசி அழைப்பு வர, மறந்துபோய்விட்டேன். மாலையில் வந்து, காய்ந்தது போலிருந்த அதே தரையில் வினிகரை ஊற்றினேன். சில நொடிகளில் மூக்கில் ஊசி குத்தியது போல் இருந்தது, கண் எரிந்து நீர் கொட்டியது, மூச்சை உள்ளே இழுக்க முடியவில்லை. நல்லவேளை, கதவு திறந்திருந்தது. வெளியே ஓடி, வீட்டின் எல்லா ஜன்னல்களையும் திறந்துவிட்டு, அம்மாவை அழைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்தேன். அன்று இரவு முழுக்க எனக்கு இருமல். பிளீச்சும் அமிலமும் சேர்ந்தால் வருவது குளோரின் வாயு. வினிகர், எலுமிச்சைச் சாறு, சிட்ரிக் அமிலம் எதுவானாலும் அதே கதைதான். இயற்கையான பொருளைத்தானே ஊற்றுகிறோம் என்ற நினைப்பே என்னை அன்று அசட்டையாக்கியது.

ஆகவே இவற்றைச் சுவரில் எழுதி ஒட்டுகிற அளவுக்கு மனதில் பதித்துக்கொள்ளுங்கள். பிளீச்சோடு எந்த அமிலமும் சேரக் கூடாது. பிளீச்சோடு அம்மோனியா சேர்ந்தால் குளோரமீன் என்ற நச்சு வாயு வரும். பிளீச்சோடு ஸ்பிரிட் சேரக் கூடாது. வினிகரும் ஹைட்ரஜன் பெராக்சைடும் ஒரே பாட்டிலில் இருக்கக் கூடாது, அவை பெராசிட்டிக் அமிலமாகி நுரையீரலை எரிக்கும். தப்பித்தவறிக் கலந்துவிட்டால் அங்கேயே நின்று துடைக்க முயலாதீர்கள். முதலில் எல்லோரும் வெளியேற வேண்டும், காற்று வர வேண்டும். மூச்சுத் திணறல் குறையாவிட்டால் உடனே மருத்துவ உதவி தேடுங்கள்.

அமிலம் தொடக் கூடாத இடங்களும் உண்டு: பளிங்கு, சுண்ணாம்புக்கல், டைல்ஸுக்கு இடையே உள்ள சிமென்ட் பூச்சு. இவையும் கால்சியம் கார்பனேட்டின் உறவுதான், படிவைக் கரைக்கிற அமிலம் இவற்றையும் கரைக்கும். பளிங்கு மேசையில் அமிலம் சிந்தி மங்கிவிட்டால் எந்தத் துணியாலும் பளபளப்பு திரும்பாது, பாலிஷ் போட ஆள்தான் வர வேண்டும். கல்லுக்கு நடுநிலையான சோப்புத் தண்ணீர் மட்டும் போதும்.

இனி பிசுக்கு. அடுப்பின் மேல் உள்ள லேசான பிசுக்குக்குச் சமையல் சோடாவை மூன்று பங்கும் தண்ணீரை ஒரு பங்கும் குழைத்துப் பசையாக்கித் தடவி, கால்மணி நேரம் விட்டு ஈரத்துணியால் தேய்த்து எடுக்கிறேன். சோடாவின் நுண்துகள் மெதுவாக உரசும், கண்ணாடியைக்கூட அவ்வளவாகக் கீறாது. வெள்ளையாகத் தங்கும் தூளை எடுக்க இரண்டு தடவை துடைக்க வேண்டும், அந்தப் பொறுமை அவசியம். புகைபோக்கியின் வடிகட்டி மாதிரி பழுப்பேறிப் பிசின்போல ஒட்டிக்கொண்டதற்குச் சலவை சோடா. ஐந்து லிட்டர் நல்ல வெந்நீரில் மூன்று மேசைக்கரண்டி போட்டு, துருப்பிடிக்காத எஃகு வடிகட்டியை அரைமணி நேரம் முக்கிவையுங்கள். கொழுப்பின் ஒரு பகுதி காரத்தோடு சேர்ந்து சோப்பாகவே மாறும். தண்ணீர் மஞ்சளாகிக் கலங்குவதைப் பார்க்கலாம். ஆனால் உங்கள் வடிகட்டி அலுமினியமா என்று முதலில் பாருங்கள். பலவும் அலுமினியம்தான். அலுமினியம் சலவை சோடாவில் கறுத்து அரிபடும். அதற்கு வெந்நீரும் பாத்திரம் கழுவும் சோப்பும் மட்டுமே.

எல்லா மேற்பரப்புக்கும் ஒரு ஸ்பிரே வேண்டும் என்று கேட்கிறவர்கள் அதிகம். என் ஸ்பிரே மிக எளிது: கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர் அரை லிட்டர், வாசனையில்லாத திரவ சோப்பு ஒரு தேக்கரண்டி. அவ்வளவுதான். காற்றில் தெளிக்காமல் துணியில் தெளித்துத் துடைக்கிறேன், அம்மாவின் மூச்சுக்கு அதுவே நல்லது. உப்புத் தண்ணீர் வரும் வீடுகளில் உண்மையான சோப்பு கால்சியத்தோடு சேர்ந்து வெள்ளை ஆடையாகப் படியும். அப்போது கடையில் வாங்கிய பாத்திரம் கழுவும் திரவத்தை நாலைந்து சொட்டு விடுவதே மேல். எல்லாவற்றையும் வீட்டிலேயே செய்துதான் தீர வேண்டும் என்ற வைராக்கியம் எனக்கு இல்லை. ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: சோப்புத் தண்ணீரில் வினிகரைச் சேர்க்காதீர்கள். அமிலம் சோப்பை உடைத்துக் கொழுப்பமிலமாகத் திரித்துவிடும், பால் திரிந்தது மாதிரி. பல குறிப்புகளில் இந்தக் கலவை இருக்கிறது, அது துடைத்த இடத்தில் மறுபடி பிசுக்கைத்தான் தடவும்.

கண்ணாடிக்கு நாலு பங்கு தண்ணீர், ஒரு பங்கு வினிகர், உலர்ந்த மைக்ரோஃபைபர் துணி. வெயில் படும்போது துடைத்தால் கோடு விழும். தொலைபேசி, கணினித் திரைகளுக்கு இது கூடாது.

துணி விஷயத்தில் நான் சொல்லப்போவது சிலருக்குப் பிடிக்காமல் போகலாம். சோப்பைத் துருவிச் சலவை சோடாவோடு கலந்த 'வீட்டுச் சலவைத்தூள்' துணி துவைக்கும் இயந்திரத்துக்கு வேண்டாம். நான் ஒரு வருஷம் பயன்படுத்தினேன். துண்டுகள் சாம்பல் நிறமாகி, தண்ணீரை உறிஞ்சாமல் வழவழத்தன. சோப்பும் தண்ணீரின் கால்சியமும் சேர்ந்த கசடு நூலுக்குள் தங்கிவிட்டிருந்தது. இப்போது வாசனையில்லாத சலவைத்தூளைக் குறைவாகப் போட்டு, கூடவே ஒரு மேசைக்கரண்டி சலவை சோடா சேர்க்கிறேன். அது தண்ணீரின் கடினத்தைக் குறைப்பதால் குறைந்த தூளே போதுமாகிறது. வெள்ளைத் துணிக் கறைக்குப் பெர்கார்பனேட்: ஐந்து லிட்டர் வெந்நீரில் இரண்டு மேசைக்கரண்டி, இரண்டு மூன்று மணி நேரம் ஊறல். தண்ணீர் 40 டிகிரிக்கு மேல் சூடாக இருந்தால்தான் நன்றாக வேலை செய்யும். கம்பளிக்கும் பட்டுக்கும் சலவை சோடாவும் ஆகாது, பெர்கார்பனேட்டும் ஆகாது. கரைத்ததை அன்றே கொட்டிவிடுங்கள். மூடிய பாட்டிலில் வைத்தால் ஆக்சிஜன் சேர்ந்து வெடித்துவிடும்.

பூந்திக்கொட்டைத் திரவத்தின் மேல் எனக்குத் தனிப் பிரியம். கொட்டையை நீக்கிய ஓடுகள் பதினைந்து இருபதை ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு ஊறவைத்து, காலையில் இருபது நிமிஷம் மெல்லிய தீயில் கொதிக்கவிட்டு, ஆறியதும் கையால் பிசைந்து வடிகட்டுங்கள். அதிலுள்ள சபோனின் நுரைக்கும், அழுக்கைப் பிரிக்கும். பட்டு, கம்பளி, மென்துணிகளுக்கு அருமை. நகைகளுக்கும் நான் இதைத்தான் பயன்படுத்துகிறேன். அதிகப் பிசுக்குக்கு இது போதாது. கண்ணில் பட்டால் கடுமையாக எரியும். குளிர்பெட்டியில் ஒரு வாரம், வெளியே வைத்தால் இரண்டே நாளில் கெட்ட வாடை.

ஆரஞ்சுத் தோலைப் புளிக்கவைத்துச் செய்யும் திரவத்தையும் செய்து பார்த்தேன். ஒரு பங்கு வெல்லம், மூன்று பங்கு தோல், பத்து பங்கு தண்ணீர், மூன்று மாதம். முதல் மாதம் தினமும் மூடியைத் தளர்த்தி வாயுவை விட வேண்டும். ஒரு வாரம் மறந்தேன், பிளாஸ்டிக் பாட்டில் வீங்கி மூடி கூரைவரை போனது. கண்ணாடிப் பாட்டிலாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. இதை 'என்சைம்' என்கிறார்கள். சர்க்கரை புளித்துச் சாராயமாகி, அது அசிட்டிக் அமிலமாவதுதான் இதில் முக்கியமாக நடப்பது. அதாவது நீர்த்த வினிகர் மாதிரி. தோலை வீணாக்க மனமில்லாதவர்கள் செய்யலாம், தரை துடைக்க நன்றாகவே இருக்கிறது. மூன்று மாதக் காத்திருப்புக்கு ஏற்ற வீரியம் அதில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

கறுத்த வெள்ளிப் பொருளை நான் தேய்ப்பதே இல்லை. கிண்ணத்தின் அடியில் அலுமினியத் தாளை விரித்து, வெள்ளி அதைத் தொடும்படி வைத்து, மேலே ஒரு மேசைக்கரண்டி சமையல் சோடாவைப் போட்டு, அரை லிட்டர் கொதிநீர் ஊற்றுங்கள். கறுப்பு என்பது வெள்ளி சல்ஃபைடு. அலுமினியம் அந்தக் கந்தகத்தை இழுத்துக்கொள்ள, வெள்ளி அப்படியே வெள்ளியாகத் திரும்புகிறது. அழுகிய முட்டை வாடை லேசாக வந்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். தேய்த்தால் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் வெள்ளி கரைந்து போகும், இதில் போகாது. கல் பதித்தவையும், வேண்டுமென்றே கறுப்பேற்றிய வேலைப்பாடுகளும் இதற்கு ஆகாது.

அடைத்த வடிகாலுக்குச் சோடாவும் வினிகரும் வேண்டாம். நீளக் கம்பியும் அடைப்பை இழுத்தெடுக்கும் ரப்பர் உறிஞ்சியும்தான் மருந்து.

பூஞ்சைக்கு 3 சதவீதப் பெராக்சைடைத் தெளித்துப் பத்து நிமிஷம் விட்டுப் பிரஷ்ஷால் தேய்க்கலாம். வெளிச்சம் பட்டால் அது வெறும் தண்ணீராகிவிடும் என்பதால் வாங்கிய அடர்நிறப் பாட்டிலிலேயே வைத்துக்கொள்ளுங்கள், தெளிப்பான் மூடியை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். ஈரம் காயாத சுவரில் பூஞ்சை மறுபடி வரும். ஜன்னலைத் திறந்து வைப்பதும் குளித்தபின் சுவரைத் துடைத்துவிடுவதும் எந்தத் திரவத்தையும்விடப் பெரிய வைத்தியம்.

வீட்டில் யாருக்காவது வாந்தி, வயிற்றுப்போக்கு என்றால் வினிகரை நம்பாதீர்கள். அது கிருமிநாசினி அல்ல. அந்த நாட்களில் நானும் பிளீச்சைத்தான் எடுக்கிறேன்: ஒரு லிட்டர் தண்ணீருக்கு நான்கு தேக்கரண்டி, கையுறை போட்டு, ஜன்னலைத் திறந்து, அம்மாவை வேறு அறைக்கு அனுப்பிவிட்டு. முதலில் சோப்பால் கழுவிய இடத்தில்தான் அது ஒழுங்காக வேலை செய்யும்.

வாசனை எண்ணெய்களை நான் எதிலும் சேர்ப்பதில்லை. அம்மா ஒரு காரணம், எங்கள் பூனை இன்னொரு காரணம். தேயிலை மர எண்ணெய் போன்றவற்றை உடைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்குக் குறைவு. தரையில் துடைத்தது பாதத்தில் ஒட்டி, நக்கும்போது வயிற்றுக்குள் போய்விடும்.

கடைசியாகப் பாட்டில்கள். தண்ணீர் சேர்த்த எதிலும் நுண்ணுயிர் வளரும். பதப்படுத்தும் பொருள் எதையும் நாம் போடுவதில்லை. ஆகவே சோப்பு ஸ்பிரேயை இரண்டு வாரத்துக்கு வேண்டிய அளவு மட்டும் கலக்கிறேன், மிஞ்சினால் கொட்டிவிடுகிறேன். தூள்களைத் தூளாகவே வைத்தால் ஈரம் படாதவரை வருஷக்கணக்கில் இருக்கும். குளிர்பான பாட்டிலில் எதையும் ஊற்றி வைக்காதீர்கள், குழந்தை குடித்துவிடும். ஒவ்வொரு பாட்டிலிலும் துணிப் பிளாஸ்டர் ஒன்றை ஒட்டி, அழியாத பேனாவால் மூன்று வரி எழுதுகிறேன்: உள்ளே என்ன, எந்தத் தேதியில் கலந்தது, எதோடு சேரக் கூடாது. சிட்ரிக் அமில டப்பாவின் மூன்றாம் வரியில் 'பிளீச்' என்று சிவப்பில் இருக்கிறது. அதை எழுதியது என் மகள்.